குழாய் ஆறும் நேரத்தில் ஒரு கல்யாணம்

முந்தின இரவே சேலத்திலிருந்து வந்து தங்கி, காலை எட்டு மணிக்குப் புதுச்சேரியில் பேருந்து ஏறினேன். வில்லியனூர் பத்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்தால் நண்பன் அந்தோணியின் கிராமம். அவன் தங்கை ரோஸ்மேரிக்கு அன்று பத்து மணிக்குக் கோவிலில் திருமணம்.

சாலையோரம் நெடுகப் பள்ளம். "கேஸ் பைப்பு சார்," என்றார் ஆட்டோக்காரர். "வூட்டுக்கு வூடு வருதாம். கரண்டு தயாரிக்கிற எடத்துக்கும் இதான் போவுதாம்."

ஒன்பதரை மணி. அந்தோணி வீட்டுச் சந்தின் முனையை மறித்துக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஒன்று இரும்புப் பிடிகளில் கிடந்தது. அதன் கீழே பள்ளம். சந்துக்குள்ளே, பூ அலங்காரத்தோடு மணப்பெண்ணின் கார் மாட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாபா இது, கொஞ்சம் நகத்திட்டு, பள்ளத்துமேல தகடு போட்டுக் குடேன், காரு போவட்டும்," என்று அந்தோணி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"இப்பதான் சூடு பண்ணி ஒட்டினோம்ணா," என்றார் வேலையை மேற்பார்வையிட்ட செல்வம். கடலூர்ப் பக்கத்துக்காரர். "ஆற முக்கா மணி நேரமாவும். அதுக்குள்ள அசைஞ்சா ஜாயின்ட் போச்சு. நாளைக்கு இதுலதான் கேஸ் வரும். தெரிஞ்சே தப்பா வுட முடியாதுல்ல."

அவர் சொன்னது நியாயம். ஆனால் ஃபாதர் பதினோரு மணிக்கு அடுத்த ஊரில் பூசை வைக்க வேண்டும்; காத்திருக்க மாட்டார். அந்தோணியின் அம்மா கண் கலங்கி நின்றார்.

கார்க் கதவு திறந்தது. வெள்ளைப் பட்டுச் சேலையில் இறங்கிய ரோஸ்மேரி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கோவில் இங்கதானே இருக்கு. நடந்தே போலாம், வாம்மா."

"சேறாயிடும்டி."

"ஆவாதும்மா," என்றார் செல்வம். அவருடைய ஆட்கள் குழாயில் படாமல் ஓரமாகப் பள்ளத்தின்மேல் இரண்டு பலகைகளைப் போட்டார்கள். ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார்கள். அப்பால் இருந்த சேற்றின்மேல் புதுத் தார்ப்பாய் விரித்தார்கள். ரோஸ்மேரி அண்ணன் கையைப் பிடித்துக் கடந்ததும் பேண்டு வாத்தியம் முழங்கியது. கார் பின்னால் போக வேண்டிய ஊர், பெண்ணின் பின்னால் நடந்தது. கடைக்காரர் கல்லாவை விட்டிறங்கி வந்து பார்த்தார். மாடியிலிருந்து யாரோ பூத் தூவினார்கள். கோவில் வாசலில் மாப்பிள்ளை, அவள் நடந்து வருவதைப் பார்த்துத் தானும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்தார்.

மதியம் பிரியாணிப் பந்தி. "மொதல்ல பைப்பு போட்டவங்க ஒக்காரட்டும்," என்று அந்தோணியின் அம்மா அவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். செல்வம் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மாலை நாலரைக்குக் கிளம்பும்போது பள்ளத்தை மூடியிருந்தார்கள். சேலத்தில் எங்கள் தெருவிலும் சென்ற ஆண்டு இதே குழாய் பதித்தார்கள். போட்டவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. இங்கே ரோஸ்மேரியின் கல்யாணப் படத்தில், மணமக்களுக்கு இரண்டு பக்கமும், மஞ்சள் தொப்பியோடு ஏழு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.