கை ஆட்டிய ஒன்பது பேர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில், பட்டப்பகலில் நடந்தது. பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒருத்தருக்கும் பேய் மேல் நம்பிக்கை கிடையாது.

தர்ஷனா பௌதிகம் படித்தவள். புரோட்டான்களை மோதவிட்டு, தெறிக்கும் சிதறலில் நான்கு குவார்க் கொண்ட அபூர்வ மீசான் துகளைத் தேடும் குழுவில் இருந்தாள். ஆசைப்பட்டதையே கண் பார்த்துவிடும் என்பதால், அது தென்படக்கூடிய இடத்தை மட்டும் நான்கு வருஷமாகக் கணினியில் மறைத்து வைத்திருந்தார்கள். அன்று காலை இணையக் கூட்டத்தில் திறப்பதாக ஏற்பாடு.

அம்மா லெட்சுமி கூடையை மாட்டிக்கொண்டே புலம்பினாள். "ஏழாம் நம்பர் மலையில பெரிய குளவிக்கூடு. வேலை வாங்குற கண்டாக்கு ஐயாகிட்ட சொன்னா சிரிக்கிறாரு."

"இன்னைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாம நில்லும்மா."

"நின்னா யாரு சோறு போடுவா? ஒம் மீசானா?" சிரித்தபடி போய்விட்டாள்.

சிக்னல் ஜன்னல் ஓரத்தில்தான் கிடைக்கும். தர்ஷனா போனை அங்கே வைத்து, மணிச் சத்தத்தை அணைத்து, அதிலிருந்தே மடிக்கணினிக்கு இணையம் எடுத்தாள். கதவைத் தாழிட்டாள்.

பத்து மணி. கூட்டம் தொடங்கியதுமே, கொழும்பிலிருந்து குழுவைச் சேர்ந்த நிரஞ்சன் குறுக்கிட்டான்.

"தர்ஷனா, உங்க மைக்கில ஏதோ இரையுது."

ஙொய்ய்ய்... என்று கேட்கிறதாம்.

அவளுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. மைக்கை அணைத்தாள்.

பத்து நாற்பது. மறைத்த இடம் திறந்தது. வரைபடத்தில் ஒரு மேடுகூட இல்லை. மீசானும் இல்லை. நாலு வருஷம் மண்ணாய்ப் போனது. அப்போது...

"பின்னால நிக்கிறது உங்க அம்மாவா? கை ஆட்டுறாங்க," என்றான் நிரஞ்சன்.

திரையில் ஒன்பது பேரும் பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

திரும்பினாள்.

யாருமில்லை.

தாழ் போட்டபடியே இருந்தது.

போன் திரை நிறைய, எடுக்காத அழைப்புகள்...

பத்து மணிக்குக் குளவி கலைந்திருக்கிறது. பத்து நாற்பதுக்கு லெட்சுமியின் மூச்சு நின்றது. இடையில் கொழுந்து லொறி இரண்டு தடவை, கொட்டுப்பட்டுக் கிடந்த அவளைத் தாண்டிப் போனது. கொழுந்துக்கு இடமிருந்தது, ஆளுக்குத்தான் இல்லையாம். நல்லா இருக்கட்டும் அவர்கள்!

கூடவே கொழுந்தெடுத்த நாகலெட்சுமி சொன்னாள்: "குளவி போன பொறகும், உசுரு போற வரைக்கும் மூஞ்சிக்கிட்ட கைய ஆட்டிக்கிட்டே கெடந்தாம்மா."

கூட்டத்தின் பதிவை நிரஞ்சன் பிறகு அனுப்பினான். தர்ஷனாவுக்குப் பின்னால் தாழிட்ட கதவு மட்டும்தான் தெரிகிறது. ஆனால் மைக்கை அணைத்த பிறகும் அந்த இரைச்சல் ஓயவில்லை. சரியாகப் பத்து நாற்பதுக்குத்தான் நிற்கிறது.

அந்த அமைதியில் ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டே கை ஆட்டுகிறார்கள்.