தொடாமல் விட்டிருந்தால் ஓடியிருக்கும்

அவருக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தது யாரென்று அவருக்கே நினைவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் திருகாணி முடுக்கும் ஒரு சின்னத் திருப்புளியும் குத்தியிருப்பார். பேனாவை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. திருப்புளியை மறந்ததே இல்லை.

கை சும்மா இருக்காது அவருக்கு. எதிரில் உட்கார்ந்து ஒருவர் தன் வீட்டுத் தகராறைச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் கண் அந்த ஆளின் மூக்குக்கண்ணாடியில் தளர்ந்து தொங்கும் காதுப்பிடியில் போய் நிற்கும். "அதைக் கழட்டிக் குடுங்க, ஒரே நிமிஷம்" என்பார். சில நேரம் சரியாகியும் விடும். அதுதான் வினை. எப்போதோ பக்கத்து வீட்டு மிக்ஸியை ஓட வைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில், அலுவலகச் சுவர்க்கடிகாரம் தொடங்கி மைத்துனர் வீட்டு ரேடியோ வரை எத்தனையோ சாமான்கள் அவர் கையில் கண்ணை மூடின.

அதில் ஒன்று மனைவியின் தையல் மெஷின். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழைவாக ஓடட்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தார். திரும்ப மாட்டியதும் தையல் கோணிக்கொண்டு போனது. கையில் ஒரு திருகாணி மிச்சம். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவள், சில நாள் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவர் மறந்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த பெரிய வேலை, பேத்தியைப் பார்த்துக்கொள்வது. மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் கண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பாப்பாவுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. பவுடர் பால் ஒத்துக்கொள்ளாமல் ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துபோனதிலிருந்து, தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மருமகளை வெளியூர்ப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணுக்குள்ளே படம் பிடிக்கும் புது மெஷினைக் கையாளக் கற்றுக்கொண்டு வர வேண்டும். ஒரு வாரம். தங்கும் இடத்தில் குழந்தைக்கு அனுமதி இல்லை. போய்வந்தால், வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் திறக்கப்போகிற கிளை அவள் பொறுப்பில் வரும். மத்தியானத்தில் வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்காக, வேலை செய்யும் இடத்திலேயே, மூக்குக்கண்ணாடிச் சட்டப் பெட்டிகள் அடுக்கிய சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, வாரக்கணக்கில் பாலெடுத்து, சின்னச் சின்னப் பைகளில் தட்டையாக உறைய வைத்துச் சேர்த்திருந்தாள். ஃப்ரீசரில் வேறு எதற்கும் இடம் கிடையாது. ஐஸ் தட்டைக்கூட வெளியே எடுத்துவிட்டாள்.

பயணம் அன்று சாயங்காலம். காலையில் வேலையை ஒப்படைத்துவிட்டு வரக் கிளம்பும்போது சொன்னாள்: "கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க மாமா. மூடியே இருந்தா பால் அப்படியே இருக்கும்."

"நான் பார்த்துக்கறேம்மா. நீ நிம்மதியா போ."

"உங்களை நம்பித்தான் போறேன்."

அவள் வாயால் அப்படிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சொல்லி வைத்தாற்போலக் கரண்ட் போனது. அவர் திறக்கவில்லை. வெயிலில் ஜன்னல் கம்பியெல்லாம் காய்ந்தது. மடியில் தூங்கும் பாப்பாவுக்குச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு சாமானை அவ்வளவு நேரம் தொடாமல் இருந்ததில்லை. கரண்ட் திரும்பி வந்து மின்விசிறி சுற்றியபோது, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி எழுந்து, பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

ஃப்ரிட்ஜில் சத்தமே இல்லை. கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. காதை வைத்துக் கேட்டார். ஊஹூம். சுவிட்சை அணைத்துப் போட்டார். கொஞ்சம் நின்றார். மறுபடி அணைத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, அழுத்திச் சொருகினார். இதற்கு நடுவில் ஃப்ரீசர் கதவையும் திறந்து திறந்து பைகளை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். கல் மாதிரி கெட்டியாகத்தான் இருந்தன.

அப்போது போன் அடித்தது. மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்த மனைவி. மறுநாள் காலை வந்துவிடுவாள்.

"என்னங்க, பாப்பா தூங்கறாளா?"

"தூங்கறா. கரண்ட் வந்துடுச்சு. ஃப்ரிட்ஜ்தான் ஓடலை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"போன்."

"இன்னொரு கையில?"

அவர் இன்னொரு கையைப் பார்த்தார். திருப்புளியை மெல்லச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"இங்க பாருங்க, மருமகளுக்கு போன் போடுங்க. இல்லைன்னா கடைக்காரனைக் கூப்பிடுங்க. நீங்க மட்டும் அது கிட்ட போகாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நினைக்கிறீங்களே, அதுதானே எனக்குப் பயம்."

போனை வைத்துவிட்டு யோசித்தார். மருமகள் அங்கே ஆயிரம் வேலையில் இருப்பாள். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அவளை எதற்குப் பதற வைக்க வேண்டும்? அவள் வருவதற்குள் ஓட வைத்துவிட்டு, "சின்னப் பிரச்சினைதாம்மா" என்று சொன்னால் போதாதா? அந்த வார்த்தையைச் சொல்லப்போகிற தோரணைகூட அவர் மனதில் தயாராகிவிட்டது.

ஃப்ரிட்ஜை அணைத்தார். முன்னுக்கு இழுத்தபோது உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஆட்டத்தில் பால் பைகள் கிழிந்துவிட்டால்? எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெரிய பாத்திரத்தில் அடுக்கி, ஈரத்துண்டு போட்டு மூடிச் சமையல் மேடையில் வைத்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே தூசி அப்பிக் கிடந்தது. ஆஹா, இதுதான் மூச்சு முட்டியிருக்கிறது என்று பழைய பல் துலக்கியால் தேய்க்க ஆரம்பித்தார்.

பாதியில் பாப்பா எழுந்துவிட்டாள். சும்மா எழவில்லை, மேலும் கீழும் நனைத்துக்கொண்டு எழுந்தாள். கழுவி, துணி மாற்றி, அம்மா வைத்துவிட்டுப் போயிருந்த புட்டிப் பாலைக் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவழைத்தார். தொட்டிலில் கிடத்தினால் வீறிட்டாள். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அவள் கண் சொருகியதும் நின்றால், கண் திறந்தாள். மறுபடி நடந்தார். "உங்க பாட்டி உனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாளா, என்னை விடாதேன்னு?" என்று கேட்டார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானைச் சப்பினாள்.

ஒருவழியாக அவளைத் தூங்க வைத்துவிட்டு வந்து பாத்திரத்தைத் தொட்டபோது, அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. துண்டு காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. மேலே இருந்த பையை எடுத்தார். அது அவர் விரல்களுக்கு நடுவே வளைந்து தொங்கியது. அடியில் இருந்ததும் அப்படித்தான்.

ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைக்கக்கூடாது என்று மருமகள் சொல்லியிருந்தது அவருக்கு மறக்கவில்லை. இருந்தும் அத்தனையையும் அவசர அவசரமாக ஃப்ரீசருக்குள் திணித்தார். தகட்டை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. அணைத்தார். போட்டார். அணைத்தார். போட்டார்.

மருமகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் புதுச் சோப்புப் பெட்டி, பயணத்துக்கு. சமையலறை வாசலில் நின்று, குறுக்கே கோணலாக நின்ற ஃப்ரிட்ஜையும் வியர்வையில் நனைந்திருந்த மாமனாரையும் பார்த்தாள்.

"என்ன மாமா ஆச்சு?"

"கரண்ட் போயிட்டு வந்ததும்மா... ஓடலை. அதான்..."

சரியாக அந்த நேரம் பாப்பா அழுதாள். "நீங்க பாப்பாவை எடுங்க, நான் பார்க்கறேன்" என்றாள் அவள். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மருமகள் ஃப்ரீசரைத் திறந்து ஒரு பையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று. மூன்றாவதை எடுக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

அவர் ஃப்ரிட்ஜ் எதிரில் நின்றார். ஒரு கையில் பாப்பாவின் பாரம். இன்னொரு கையின் சுட்டுவிரலை அவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள். சுவிட்சை இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமா என்று விரலை இழுத்தார். அவள் விடவில்லை. நின்றுகொண்டே இருந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

டக் என்றது ஃப்ரிட்ஜ். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமத் தொடங்கியது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜைக் கொண்டு வந்து இறக்கிய அன்று கடைப் பையன் சொல்லியிருந்தான்: "கரண்ட் போயிட்டு வந்தா உடனே ஓடாது சார், கொஞ்ச நேரம் எடுத்துக்கும், அப்படியே விட்டுடுங்க." அவன் சொல்லும்போது இவர் கதவுக் கீலில் எத்தனை திருகாணி என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது காத்திருந்து ஓடப்போன ஒவ்வொரு தடவையும் இவர்தான் அணைத்து, முதலிலிருந்து காக்க வைத்திருக்கிறார்.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சத்தத்தைக் கேட்டு நின்றாள்.

"ஓடுதே. சரி பண்ணிட்டீங்களா மாமா?"

மனதில் தயாராக வைத்திருந்த தோரணை எங்கே போனதென்று தெரியவில்லை.

"இல்லம்மா" என்றார். "தானா ஓடுது. முதல்லயே ஓடியிருக்கும். நான்தான் விடலை."

அவள் தலையை ஆட்டினாள். பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் பேசுவது கேட்டது. "இல்ல மேடம், இந்தத் தடவை முடியாது... குழந்தைக்கு... ஆமா மேடம், அவங்களையே அனுப்புங்க. பரவாயில்லை." அடுத்த தடவை எப்போது என்று அவள் கேட்கவில்லை. பிறகு பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம், அலமாரிக் கதவின் சத்தம்.

திரும்பி வந்து பைகளைத் தொட்டியில் ஒவ்வொன்றாக வெட்டிக் கவிழ்த்தாள். அவர் எழுந்து பக்கத்தில் போனார்.

"நான் ஊத்தறேம்மா, நீ போய்ப் படு."

"வேண்டாம் மாமா, நீங்க உக்காருங்க."

கோபமே இல்லாத குரல். அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். சுவரோரம், போர்வை போர்த்திய தையல் மெஷின் இருந்தது. வழக்கமாக அதன்மேல் தூக்கிப்போடும் துண்டை இன்று மடியிலேயே வைத்துக்கொண்டார். நாளைக் காலை மனைவி வருவாள், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டிலிருந்து முன்கூட்டியே கிளம்பி. அவசரப்பட்டு வரவேண்டாம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்று அவள் கேட்கமாட்டாள்.

சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது. கையை விட்டார். ஒரு திருகாணி. பின்பக்கத் தகட்டினுடையது.

அதற்குள் ஃப்ரிட்ஜின் உறுமலில் ஒரு சன்னமான கடகடப்பு சேர்ந்திருந்தது. ஒரு முனை பிடிக்காமல் தகடு அதிர்கிறது. அவருக்குக் கேட்டவுடனே தெரிந்தது. ஒரே நிமிஷ வேலை.

"மாமா, அது என்ன சத்தம்?" உள்ளேயிருந்து மருமகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்குக் கடைக்காரனை வரச் சொல்றேன்."

திருகாணியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, அந்தக் கடகடப்பைக் கேட்டபடி அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.