சாமி எழுத்தும் ஞானராஜ் மாஸ்டரும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி போன் அடித்தது. எடுத்தால் ஞானராஜ் மாஸ்டரின் மகள். "அப்பா போயிட்டாங்க சார்" என்றாள். நெஞ்சுவலியாம். பக்கத்தில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

உங்களில் பலருக்கு அவரைக் கட்டிங் மாஸ்டராகத்தான் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து எங்கள் பனியன் கம்பெனியில் சேர்ந்தவர். அடுக்கடுக்காகத் துணியைப் போட்டு வெட்டினால் ஒரு நூல் பிசகாது. ஆனால் மனிதருக்குப் பித்து முழுக்க மலைமேல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். சென்னிமலை, சிவன்மலை, திருமூர்த்தி மலை, பேரே இல்லாத கரட்டுக் குன்றுகள் என்று ஒன்றையும் விடவில்லை. அப்போது சூப்பர்வைசராக இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வழுக்குப்பாறை வந்தால் நான் தவழ்ந்துதான் ஏறுவேன்.

"ஏனுங்க மாஸ்டர், மாதா கோயில்ல பூசை பாத்துட்டு முருகன் மலைக்குப் போறீங்களே, ஆரு கோவிச்சுக்குவாங்க?" என்று கேலி செய்வேன்.

"ரெண்டு பேருக்கும் என் முட்டி வலி தெரியும் சார். கோவிக்க மாட்டாவ."

மடத்துக்குளத்துக்குத் தெற்கே ஒரு கரடு. உச்சிக்குக் கீழே குகை. உள்ளே சமண முனிவர்களின் கற்படுக்கை. வெளியே பாறையில் ஆறு வரி வட்டெழுத்து. ஊர்க்காரர்கள் 'சாமி எழுத்து' என்று கும்பிட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. படியெடுத்து வந்தால் படித்துச் சொல்கிறேன் என்று கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

"காகிதம் எதுக்குங்க மாஸ்டர்? நம்மகிட்ட இல்லாத துணியா?" என்றவன் நான்தான். வெள்ளைப் பனியன் துணியை நனைத்துப் பாறைமேல் இழுத்துக் கட்டி, சாயத்தை ஒற்றினோம். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்தது. கட்டை அவிழ்த்ததும் துணி சுருங்கி, ஆறு வரியும் கோணிக்கொண்டது. மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார்.

"நாள் முழுக்க இந்தத் துணியிலதான் கிடக்கேன். இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்னு தோணலியே சார்!"

ஆசிரியரால் ஒரு தொடரைத்தான் படிக்க முடிந்தது: சந்திரனும் சூரியனும் உள்ளவரை. தானம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளில் வரும் தொடராம். யார், யாருக்கு, எதைக் கொடுத்தார்கள் என்பது பிடிபடவில்லை. காகிதத்தில் எடுத்து வாருங்கள் என்றார்.

அந்த வாரமே கரட்டைக் கல்குவாரிக்கு விட்ட செய்தி வந்தது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்களுக்கோ சரக்கு கப்பலேற வேண்டிய அவசரம். முதலாளி என்னைப் பிடித்து உலுக்க, நான் எல்லாருடைய ஞாயிறு லீவையும் பிடுங்கினேன். மாஸ்டர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு ஞாயிறு விடுங்க சார். வெடி வைக்கப் போறாவளாம்."

"நீங்க போனா கட்டிங் நின்னுருமுங்க மாஸ்டர். கல்லு எங்க போகப்போகுது?"

இந்த வாயை என்ன செய்ய! அவர் கட்டிங் மேஜைக்குத் திரும்பினார்.

மூன்று ஞாயிறு கழித்துப் போனோம். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் அம்மா எதிரே வந்தார். "வியாழக்கெழமையே வெடி வெச்சுட்டாங்க சாமி. நீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க."

மேலே ஏறிப் பார்த்தால் குகையில் பாதி இல்லை. எழுத்திருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மாஸ்டர் காகிதச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஷிப்மெண்டு நல்லபடியாப் போயிட்டுதா சார்?" என்றார்.

குத்தலே இல்லை. அவர் வெட்டிய சரக்கு, உண்மையாகவே கேட்டார். "போயிருச்சுங்க மாஸ்டர்" என்றேன்.

அதன் பிறகும் எத்தனையோ மலை ஏறினோம். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும், நின்றுவிடும்.

புதன்கிழமை அடக்கம். இப்போது மேனேஜர் நான்தான்; கம்பெனிக்கு முழுநாள் விடுமுறை விட்டேன். இப்போது விட்டு என்ன? அவர் கேட்டது ஒரே ஒரு ஞாயிறு. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லை.