சேற்றில் போட்ட நங்கூரம்

2009 கோடையில் லண்டன் பாரஸ்ட் கேட்டில் ஒரு துருக்கிக்காரரின் பேக்கரியில் எனக்குப் பின்னேர ஷிப்ட். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வேலையில் நிற்பேன். நான் திரும்பி வரும்போது அவள் நித்திரை. காலையில் அவள் வெளிக்கிடும்போது நான் நித்திரை. ஐந்து வயதுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற தகப்பன். காலை ஷிப்ட் கிடைக்கவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்காத குறைதான்.

முதலாளியிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. தேம்ஸ் கடலோடு சேர்கிற பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். அதில் கூடப் போகிற ஆளுக்குத்தான் காலை ஷிப்ட் என்பது பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போய்வந்த பல்கேரியக்காரன் ஊரோடு போய்விட, “உங்களில் யாருக்குக் கடல் தெரியும்?” என்று ஒருநாள் கேட்டார்.

கையைத் தூக்கினேன். “நான் யாழ்ப்பாணம். சுற்றிவரக் கடல்.” அது பொய்யில்லையே! நயினாதீவுக்கு ஒரே ஒரு முறை வள்ளத்தில் போனபோது வழி முழுக்கச் சத்தியெடுத்ததை மட்டும் சொல்லவில்லை.

ஒரு தாளைத் தந்தார். இடப்பக்கம் படகோட்டிகளின் துருக்கிச் சொற்கள், வலப்பக்கம் ஆங்கில அர்த்தம். படகில் துருக்கி மட்டும்தான் பேச்சு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடமாக்கு என்றார். மகளுக்கென்று இருந்த அந்த ஒரு நாளும் போயிற்று.

வீட்டில் மனைவி வாத்தியாரம்மா ஆனாள். குசினிக்குள் தாளைப் பிடித்துக்கொண்டு, “இஸ்கெலெ என்டா?” என்று கேட்டாள்.

“இடப்பக்கம்.”

“சன்ஜக்?”

“வலப்பக்கம்.”

“அப்ப சன்ஜக் பக்கம் கிடக்கிற உப்புப் போத்திலை எடுங்கோ. கிணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்துற மனிசன், கப்பலோட்ட வெளிக்கிட்டிட்டார்!”

“ஓம், சிரியும், சிரியும்” என்றேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் மூன்றே நாளில் தாள் முழுக்கத் தலைகீழ்ப் பாடம்.

ஞாயிறு காலை, படகடியில் முதலாளி வெள்ளைத் தொப்பியோடு நின்றார். “அலெஸ்தா?” என்றார். தயாரா என்று அர்த்தம். “அலெஸ்தா!” என்று நானும் கத்தினேன். ஆசாமிக்கு முகமெல்லாம் பல். அரை மணி நேரம் காற்று எங்களைத் தன்பாட்டில் கொண்டுபோனது. பிறகு சேற்றுக்கரை கிட்ட வந்தது. “திரமோலா!” என்று அலறினார். காற்றுக்கு முகம் கொடுத்துப் படகைத் திருப்பு என்று அர்த்தம். அதுவும் எனக்குத் தெரியும். எந்தக் கயிற்றை இழுப்பது என்று தாளில் எழுதியிருக்கவில்லை.

“எந்தக் கயிறு?” என்று கேட்டேன்.

அவர் கயிறுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் கையை விட்டு அதே தாளை எடுத்தார். அவருடையது என்னுடையதைவிடக் கசங்கியிருந்தது.

அதற்குள் படகு சேற்றில் ஏறிவிட்டது. கடல் வற்றுகிற நேரம், தண்ணீரும் இறங்கத் தொடங்கியது. மனிதர் கடலே இல்லாத, கோதுமை விளைகிற ஊர்க்காரராம். இவ்வளவு நாளும் படகை ஓட்டியது பல்கேரியக்காரனாம். அட கடவுளே! கரைப்பாதையில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களை நின்று பார்த்தது. முதலாளி சட்டென்று நிமிர்ந்து, “ஃபுந்தா!” என்றார். நங்கூரம் போடு. தண்ணீரே இல்லாத இடத்தில் தொப்பென்று போட்டேன். வேண்டுமென்றுதான் நிற்கிறோம் என்பதுபோல இரண்டு பேரும் கை காட்டினோம்.

தண்ணீர் திரும்பி வர ஐந்து மணி நேரம். ஒலிவ் காய் தின்றுகொண்டிருந்தோம். “கடையில் என் மானத்தை வாங்கிவிடாதே” என்றார்.

“காலை ஷிப்ட் தந்தால் வாங்க மாட்டேன்.”

“கள்ளன்!” என்று சிரித்தார். “அதற்காகவா இவ்வளவு புளுகு?”

மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வா” என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. என்னைக் கண்டு ஓடி வந்த மகள் பாதியில் நின்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதுக்குள் கேட்டாள்:

“அப்பா, உங்களை வேலையால நிப்பாட்டிப் போட்டினமோ? நான் அம்மாட்டைச் சொல்ல மாட்டன்.”