ஒரு முழு வரி

அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில், பார்வையற்ற கல்லூரி மாணவர்களின் பரீட்சைக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தோம். இரைச்சல் விழும் என்று மின்விசிறியை அணைத்துவிடுவதால் சட்டை நனைய நனைய வாசிக்க வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒருவர் மட்டும் அதைப் பொருட்படுத்தவே மாட்டார். ஒட்டிய கன்னம், புடைத்த தொண்டை. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், இனிப்பு தின்றவர் போல உதட்டை நக்கிக்கொள்வார்.

ஒரு மாலை அவர் வரலாறு வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கத்திக்குத்து வாங்கியவனின் அலறல் கேட்டது. வெளியறையில் இருந்த நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். புத்தகமும் கையுமாக வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பதறாதீங்க சார், பழக்கதோஷம். ராஜா ஈட்டி பாஞ்சு செத்தார்னு வந்துச்சு, வாய் தானா கத்திடுச்சு. சினிமாவுல அடியாளுங்க சாவறப்ப கொரல் குடுக்கறது நான்தான்."

எதையாவது சொல்லவேண்டுமே என்று, "அந்த வேலைக்கு நடுவுல இங்கயும் வர்றீங்களே, பெரிய புண்ணியம்" என்றேன்.

"புண்ணியமா? இன்னா சார் நீங்க! அடியாளுக்கு ஏது வசனம்? இத்தினி வருசமா 'ஆ'ன்னு கத்திகினே கீறேன். முழுசா ஒரு வரி பேசத்தான் சார் இங்க வரேன்."

அலறலைவிட இதுதான் என்னை உலுக்கியது. அவர் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அலறலின் மேலேயே அந்த வரியை நிதானமாகப் பதிவு செய்தார். உதட்டை நக்கிக்கொண்டார்.

இப்போதும் தியேட்டரில் அடியாள் விழும்போது எல்லோரும் விசிலடிக்கிறார்கள். நான் அந்த 'ஆ'வைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விழுகிறவனுக்கு ஒரு வரி வசனம் கொடுத்தால் யார் குடி முழுகிப்போகும்?