வயலுக்குப் போன இருவர்

அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள். பெரியவர் கார் இன்ஜினைப் பிரித்து மாட்டுவார். சின்னவர் ஒடுக்கு எடுத்து பெயின்ட் அடிப்பார். வண்டியை எடுக்க வருகிறவர்கள் பானெட்டைத் தடவிப் பார்த்துச் சின்னவரைத்தான் பாராட்டுவார்கள். பெரியவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஒருநாள் டாக்ஸி முதலாளி ஒருவர், தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்கச் சின்னவரைத் தேடி வந்தார். தம்பி சாப்பிடப் போயிருந்தான். அவனுக்கு இப்போது குடிப்பழக்கம், கை நடுங்குகிறது என்று பெரியவர் கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டார். விஷயம் தம்பியின் காதுக்கு எட்டியது. அவன் சண்டை போடவில்லை. ஸ்ப்ரே கன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பி எங்கே என்று மனைவி கேட்டபோது, "அவன் என்ன சின்னக் குழந்தையா? நான் காவல் காக்கணுமா?" என்றார் பெரியவர்.

சாப்பிட்டு முடித்ததும் வேதாகமத்தில் கொஞ்சம் சத்தமாக வாசிப்பது அவள் வழக்கம். சில வாரம் கழித்து வாசிப்பு காயீன், ஆபேல் கதைக்கு வந்தது. பொறாமையில் காயீன் தன் தம்பி ஆபேலை வயலுக்குக் கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறான். தம்பி எங்கே என்று கடவுள் கேட்க, காயீன் சொன்ன பதில் ஏறக்குறைய பெரியவர் சொன்னதேதான். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

அதன்பின் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். எல்லாம் தெரிந்த கடவுள் எதற்குக் கேட்க வேண்டும்? காயீன் தனக்குள்ளே தேடிப் பார்க்கட்டும் என்றுதானே?

மனைவியிடம் சொன்னார். "வயலுக்குப் போன ரெண்டு பேருமே எனக்குள்ளதான் இருக்காங்க. தம்பி மொதமொதல்ல பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸர் வாங்கினப்ப, நான்தான் அதைத் தோள்ல தூக்கிட்டு வந்தேன். அன்னைக்கு அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம். அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளைத்தான் நான் அடிச்சுப் போட்டுட்டேன்."

அவள் கேட்டாள், "உள்ள செத்தவன் சரி. வெளிய உயிரோட இருக்கிறவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

மறுநாள் முதலில் டாக்ஸி முதலாளியிடம் போய், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். பிறகு தம்பி தனியாகப் போட்டிருந்த ஷெட்டுக்குப் போனார். அவன் ஒரு கதவுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினால் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால் முடியும்வரை நிறுத்தவில்லை. பெரியவர் காத்துநின்றார். தம்பியின் கை இம்மிகூட அசங்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தம்பி முகமூடியைக் கழற்றினான்.

"குடிக்கிறேன்னு சொன்னதுகூடப் பரவால்ல அண்ணா. கை நடுங்குதுன்னு சொன்னீங்களே."



தம்பி பட்டறைக்குத் திரும்பவில்லை. டாக்ஸி வேலை மட்டும் அவனுடைய ஷெட்டுக்கே போனது. பெரியவர் வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்க அவன் வருகிற நாட்களில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் வண்டிகளைப் பற்றி.

வீட்டில் வாசிப்பு இப்போது, ஒரு கப்பலில் ஏறியவர்கள் மட்டும் தப்பிய பெருவெள்ளத்துக்கு வந்திருக்கிறது. "இந்தக் கப்பல் யாருக்குள்ள இருக்கு?" என்று மனைவி லேசாகக் கிண்டலடித்தாள்.

பெரியவர் சிரிக்காமல் யோசித்தார். "தெரியலை. இன்னும் கொஞ்சம் வாசி."