மேகத்துக்கு மெமோ

திருத்தங்கல் பக்கம் ஓடும் கம்பெனி வேன்களில் காலையில் என்ன பாட்டு ஓடுகிறதோ, அதுதான் எங்கள் பகுதிக்கு அந்த வருடத்துப் பாட்டு. நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். பட்டாசு ஆலைகளிலிருந்து நான் அனுப்பியவை பெரும்பாலும் விபத்துச் செய்திகள். அதனால் டீக்கடையில் ஒரு வேன் டிரைவர், "ஒங்களுக்கு இன்னைக்கு நல்ல சேதி ஒண்ணு தாரேன், வாங்க" என்று கூப்பிட்டதும் டம்ளரோடு எழுந்து போனேன். அவர் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தார்.

மப்பு வந்து நின்னுச்சு மதியச் சோத்து வேளையில,
மெமோ ஒண்ணு நீட்டுனாரு மேகத்தோட கையில;
ஏன்லே லேட்டுன்னு கேட்டாரு எட்டிப் பாத்த வெயில,
கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாரு கெளம்பி வந்த புயல.

பாட்டில் வரும் 'அவர்' ஒரு போர்மேன். வானம் மப்பு போட்டு வெயில் இல்லாவிட்டால் பட்டாசு காயாது, வேலை நின்றுவிடும். அதனால் அந்த மனிதர் நாள் முழுக்க அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு கட்டியவர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். இதே வேனில் தினமும் வருபவர்.

பாட்டுக் குழுவில் நாலு பேர். பாட்டு கட்டிப் பாடுபவர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது ஆலை விதி. குழுவின் அளவும் அப்படி அமைந்ததுதான். போனை ஆலை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அறையில் கரண்ட் கிடையாது, ரேடியோ கிடையாது. கை பின்னிக்கொண்டிருக்கும், வாய் சும்மா இருக்கும். தம்பி ஒரு வரி சொல்வார். அக்கா அதைக் கெடுப்பார். கெட்டுப்போன வரிதான் நன்றாக இருக்கும்.

அக்காவின் கணவர் டோலக் வாசிப்பவர். ஆனால் வெடிமருந்து இருக்கும் இடத்தில் எதையும் தட்டக் கூடாது. அதனால் அவர் தலையை ஆட்டியே தாளம் பழகினார். மேடையிலும் கையைவிடத் தலைதான் அதிகம் ஆடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாத்தியமும் தெரியாது. கை தட்டுவார், அவ்வளவுதான். "வாரம் பூரா தட்டாம சேத்து வச்சதுல்ல, சத்தம் அம்புட்டு வரும்" என்பார் அக்கா.

அவர்களை மேடையில் நான் முதலில் பார்த்தது அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா ஒன்றில். பெரிய கச்சேரிக்காரர்கள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. அது வரும்வரை ஒப்பேற்றச் சொல்லி இவர்களை ஏற்றிவிட்டார்கள். படியேறும் முன் நாலு பேரும் வரிசையாக மேடையின் இரும்புக் காலைத் தொட்டார்கள். கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆலை அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் உள்ள மின்சாரம் மண்ணுக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கம் மேடைக்கும் வந்துவிட்டது.

அதன் பிறகு சடங்கு வீடுகள், காதுகுத்து, கல்யாணம். டிரைவர்கள் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டதும் சாத்தூர் வரை எல்லோரும் மேகத்துக்கு மெமோ கொடுத்தார்கள். மதுரையில் ரெக்கார்டிங் நடத்தும் ஒருவர் போன் செய்தார். இந்த ஒரு பாட்டு போதாது, தீபாவளிக்குள் புதிதாகச் சில பாட்டு கட்டிக்கொண்டு வந்தால் சேர்த்துப் பதிந்து வெளியிடலாம் என்றார்.

அதே வாரத்தில் போர்மேன் நாலு பேரையும் நாலு அறைகளுக்குப் பிரித்துப் போட்டார். காரணம் சொல்லவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்தார். அவர் கணவர் இரண்டாவது வரியில் தூங்கிவிட்டார். தம்பி எழுதி வந்த பாட்டை என்னிடம் காட்டினார். தப்பாகச் சொல்ல அதில் எதுவும் இல்லை. சிரிப்பும் வரவில்லை.

"அக்கா கெடுக்காம வராதுண்ணே" என்றார். கையிலிருந்த பாட்டுப் பேப்பரைவிடப் போன்தான் கனம் என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் மறுபடி கூப்பிட்டிருந்தார்.

கடைசியில் அக்காவே நேரில் கேட்டார். கேட்டுக்கு எதிர் டீக்கடையில் நான் இருந்தேன். போர்மேன் வடையைப் பிய்த்துக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க நாலு பேரையும் பழையபடி ஒரே ரூம்ல போட்டீகன்னா என்ன?"

"போட்டா அடுத்து எம் பொண்டாட்டியப் பத்திப் பாடுவீக."

"மதினியப் பத்தி நாங்க என்னத்தப் பாட? அவுகதான் ஒங்களப் பத்தி வீட்ல தெனம் பாடுறாகளாம்ல."

டீ மாஸ்டர் திரும்பி நின்று சிரித்தார். போர்மேன் சிரிக்கவில்லை. "எனக்கு மக இருக்கு தாயி. பொண்ணு பாக்க வாரவன் நாலு இடத்துல விசாரிப்பான். மெமோக்காரன் மகளான்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்று கேட்டார். அக்கா டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஆவணியில் அந்த மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை காரியாபட்டி. கச்சேரிக்கு இவர்களைத்தான் கூப்பிட்டார் போர்மேன், அதுவும் ஆள் மூலம். நாலு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். போர்மேன் பாட்டை மட்டும் தொடக் கூடாது. அதைப் பாடிச் சம்பந்தகாரர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டால், இனி ஒரே அறை என்ற பேச்சே கிடையாது.

பந்தலில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அவர்கள் ஒவ்வொரு பாட்டாகப் பாடினார்கள். மாமியார் பாட்டு, பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடும் பாட்டு. கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து "மெமோ, மெமோ" என்று சத்தம் வந்தது. தம்பி காது கேட்காதவர் போல மைக்கைச் சரிசெய்தார்.

புதுச் சட்டையில் போர்மேன் மேடையோரம் வந்து நின்றார்.

"ஏலே, எம் பாட்டு எங்க?"

"அது... இப்ப பாடுறதில்ல அண்ணாச்சி."

"பாடுறதில்லையா? சம்பந்தகாரவுக அதுக்குத்தாம்லே ஒக்காந்திருக்காக!"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா இவரைப் பார்த்ததுமே, "மேகத்துக்கு மெமோ குடுத்தவுக நீகதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். பொழுதுக்கும் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் விவசாயி அவர். மழையை வெளியே நிறுத்துகிற ஆளைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசையாம்.

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கணவரைப் பார்த்தார். கணவரின் தலை ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருந்தது. தம்பி குனிந்து மேடையின் இரும்புக் காலை இன்னொரு தடவை தொட்டுவிட்டுப் பாடினார். மெமோ நீட்டும் இடம் வந்தபோது பந்தலே சேர்ந்து பாடியது. போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

கல்யாண வேலைகள் முடிந்து அவர் ஆலைக்குத் திரும்பியதும் நாலு பேரும் ஒரே அறைக்கு வந்துவிட்டார்கள். பழைய அறை இல்லை. போர்மேன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து அறை.

தீபாவளிக்கு முன்னால் மதுரைக்குப் போகப் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். டோலக் ஒரு சாக்குப்பையில் இருந்தது. பாட்டெல்லாம் தயாரா என்று கேட்டேன்.

"எங்கன தயாராக?" என்றார் அக்கா. "நாங்க ஒரு வரி சொன்னா, அந்தாளு வெளிய இருந்து 'அது சரியில்ல, மாத்து'ங்காரு. இப்ப நானும் கெடுக்கேன், அவரும் கெடுக்காரு."

"உள்ளயே வந்து உக்காந்துடுறாரா?" என்றேன்.

"எப்படி வருவாரு? உள்ள வந்தா அஞ்சு பேராயிருமே. வாசல்லயே நிக்காரு, செம்புத் தகட்டுல கைய வச்சுக்கிட்டு."